துள்ளும் முன் இறங்கப் பழகுவோம்
இளம் கரப்பந்தாட்ட வீரர்களின் பயிற்சியும் உடல்நலமும்



கோடைகாலச் சுற்றுப்போட்டி நெருங்குகிறது. சனிக்கிழமைகளில் பாடசாலை மண்டபத்தில் நடக்கும் எங்கள் கரப்பந்தாட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் தொகையும் கூடிவிட்டது. இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இம்முறை நலவாழ்வுப் பகுதியை எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் 14 வயதுப் பையன் ஒருவன் பயிற்சி பெற்றான். அணியில் அவனைப்போல் உயர்ந்து அறைபவர் எவரும் இல்லை. சுற்றுப்போட்டிக்கு முந்திய மூன்று வாரங்களும் அவனுக்கு மட்டும் மேலதிகமாகப் பந்து உயர்த்திக் கொடுத்தோம். ஒரே மாலையில் நூறு தடவைக்கு மேல் துள்ளியிருப்பான். "முழங்காலுக்குக் கீழே நோகுது அண்ணா" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். "வளருற வயசு, சரியாகிவிடும்" என்று நாங்கள் பதில் சொன்னோம். சுற்றுப்போட்டியில் வென்றோம். அந்தப் பிள்ளை அடுத்த ஒரு வருடம் துள்ளவில்லை. மாடிப்படி இறங்கும்போதும் முகம் சுளித்தான்.

அவனுடைய வலிக்கு அவன் பலவீனம் காரணமல்ல. துள்ளுவதை மட்டும் பழக்கிவிட்டு இறங்குவதைப் பழக்காமல் விட்டது நாங்கள். எத்தனை தடவை துள்ளினான் என்று எண்ணாமல் விட்டதும் நாங்கள்தான். அதன்பின் எங்கள் பயிற்சி முறையையே மாற்றினோம். அந்த மாற்றங்களை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஊரில் கோயில் வீதியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் பொழுதுபடும்வரை ஓவர் கேம் ஆடியவர்கள் நாம். உடலைச் சூடாக்கும் பயிற்சி என்ற பெயரே கேள்விப்பட்டதில்லை. பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

முதலாவது காரணம் தரை. நாம் மண்ணிலும் மணலிலும் ஆடினோம். மண் காலை வாங்கிக்கொள்ளும். இங்கே பிள்ளைகள் ஆண்டில் பெரும்பகுதி மண்டபத்தின் கடினமான தரையில் ஆடுகிறார்கள். இறங்கும்போது எழும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள வேண்டியவை அவர்களுடைய கணுக்காலும் முழங்காலும் இடுப்பும்தான்.

இரண்டாவது, அன்றாட உடல் உழைப்பு. நாம் நடந்தும் சைக்கிள் மிதித்தும் மைதானத்துக்குப் போனோம். மதிலேறினோம், மரமேறினோம். எங்கள் கால்கள் ஏற்கெனவே பழகியிருந்தன. இங்கே பல பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, காரிலும் இருந்து வந்து, நேரே வலைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

மூன்றாவது காரணத்தை நாம் மறந்துவிடுகிறோம். ஊரில் காயப்பட்டவர்களை நாம் எண்ணவில்லை. காலைப் பிரட்டிக்கொண்டவர் இரண்டு கிழமை வரமாட்டார். பிறகு ஓரமாக நின்று பார்ப்பார். பிறகு பார்க்கவும் வரமாட்டார். "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று இன்று சொல்பவர்கள் தொடர்ந்து ஆட முடிந்தவர்கள் மட்டுமே.

இன்னொன்றையும் இங்கே சொல்லலாம். 1895 இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, கூடைப்பந்தாட்டத்தை விட மென்மையான, வயது கூடியவர்களும் ஆடக்கூடிய ஒரு விளையாட்டையே அவர் தேடினார். எதிரணியோடு மோதல் இல்லாத ஆட்டம் என்பது இன்றும் உண்மைதான். ஆனால் உயர்ந்து அறைவதும் தடுப்பதும் வந்தபின், ஆட்டத்தின் பாரம் துள்ளலுக்கும் இறக்கத்துக்கும் மாறிவிட்டது. 1991 இல் கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாக அறிவித்த இலங்கையிலிருந்து வந்த நமக்கு இந்த ஆட்டத்தில் உள்ள பற்றைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பற்று பிள்ளைகளின் முழங்காலைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நோர்வே ஆய்வுகள் சொல்வது என்ன?

நாம் வாழும் இந்த நாட்டிலேயே கரப்பந்தாட்டக் காயங்கள் பற்றி முக்கியமான ஆய்வுகள் நடந்துள்ளன. கரப்பந்தாட்டத்தில் திடீரென ஏற்படும் காயங்களில் முதலிடம் கணுக்கால் சுளுக்குக்கே. அதுவும் பெரும்பாலும் வலைக்கு அருகில், அறைந்தவரோ தடுத்தவரோ இன்னொருவரின் பாதத்தின்மேல் இறங்கும்போது ஏற்படுகிறது. பேராசிரியர் ருவால் பார் குழுவினர் 1990களின் முற்பகுதியில் நோர்வே வீரர்களிடையே மூன்று விடயங்களை அறிமுகப்படுத்தினார்கள். காயம் எப்படி ஏற்படுகிறது என்ற விளக்கம், துள்ளுவதிலும் இறங்குவதிலும் நுட்பப் பயிற்சி, சமநிலைப் பலகையில் நின்று பழகுதல் ஆகியவையே அவை. 1997 இல் வெளியான முடிவின்படி, 1,000 விளையாட்டு மணித்தியாலங்களுக்கு 0.9 ஆக இருந்த கணுக்கால் சுளுக்கு 0.5 ஆகக் குறைந்தது. விலை கூடிய கருவியோ மருந்தோ இல்லாமல், பழக்கத்தால் மட்டுமே கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

இரண்டாவது ஆய்வு முழங்கால் பற்றியது. முழங்கால் சிரட்டையின் கீழ்நுனியில் உள்ள தசைநாண் தொடர்ந்த துள்ளலால் நோவெடுப்பதைத் 'துள்ளுபவர் முழங்கால்' என்கிறார்கள். நோர்வேயில் கரப்பந்தாட்டத்துக்கென இயங்கும் ஓர் உயர்நிலைப் பாடசாலையின் 141 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013 இல் ஓர் ஆய்வு வெளியானது. தொடக்கத்தில் முழங்கால் நலமாக இருந்த அவர்களில் 28 பேருக்கு இந்த வலி ஏற்பட்டது. 28 பேரில் 22 பேர் ஆண்பிள்ளைகள். கிழமையில் பயிற்சி மணித்தியாலம் கூடக்கூட ஆபத்தும் கூடியது. ஆடிய செற்றுகளின் எண்ணிக்கை அதைவிடப் பெரிய காரணமாக இருந்தது.

ஆகவே நாம் செய்யவேண்டியவை இரண்டு: இறங்கக் கற்றுக்கொடுப்பது, துள்ளலை எண்ணுவது.

பயிற்சி ஒன்று: இறங்குதல்

ஒவ்வொரு பயிற்சியின் முதல் 15 நிமிடங்களிலும் எங்கள் மண்டபத்தில் பந்து பையிலேயே இருக்கும். மெல்லோட்டம், பக்கவாட்டு நகர்வு, கைகளைச் சுழற்றுதல் ஆகியவற்றுக்குப் பின் பின்வரும் ஐந்து படிகளையும் செய்கிறோம்.

1. பாதங்களைத் தோளளவு அகலத்தில் வைத்து, குதிக்காலை உயர்த்தி நிமிர்ந்து நிற்கவும். "இறங்கு" என்றதும் சட்டென்று அரைக்குந்தலுக்கு வந்து மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்கவும். ஐந்து தடவை.

2. 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரமான வாங்கிலிலிருந்து அடியெடுத்து வைத்து இரு கால்களிலும் ஒரேநேரத்தில் இறங்கவும். முதலில் முன்பாதம், உடனே குதிக்கால். முழங்காலும் இடுப்பும் மடங்கவேண்டும். ஐந்து தடவை.

3. நின்ற இடத்திலிருந்து கைகளை வீசித் துள்ளி அதேபோல் இறங்கி நிற்கவும். ஐந்து தடவை.

4. பயிற்றுநர் எறியும் பந்தை ஆகாயத்தில் பிடித்துக்கொண்டு இறங்கவும். கவனம் பந்தில் இருக்கும்போதும் கால் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்ப்பதற்கே இந்தப் படி. ஐந்து தடவை.

5. ஒற்றைக்காலில் நின்று நண்பனோடு பந்தை எறிந்து பிடிக்கவும். ஒவ்வொரு காலிலும் 30 செக்கன்.

பெற்றோர் கரையில் இருந்தே இரண்டைக் கவனிக்கலாம். முதலாவது ஓசை. பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல் இறங்கவேண்டும். மண்டபம் அதிரும்படி 'தொம்' என்று விழுந்தால் முழங்கால் மடங்கவில்லை என்று பொருள். இரண்டாவது முழங்காலின் திசை. இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரியக்கூடாது. அவை கால்விரல்களின் திசையிலேயே இருக்கவேண்டும். வளரும் வயதுப் பெண்பிள்ளைகளில் இதை விசேடமாகக் கவனியுங்கள். முழங்கால் உள்ளே சரிந்தபடி இறங்குவது, முழங்காலின் உள்ளிருக்கும் சிலுவை நாண் கிழியக்கூடிய நிலைகளில் ஒன்று.

ஒற்றைக்காலில் நிற்பதை வீட்டில் பல்லுத் துலக்கும்போதும் செய்யலாம். காலையில் வலது கால், இரவில் இடது கால். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. முன்பு கால் சுளுக்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் அடுத்த ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மீண்டும் சுளுக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

பயிற்சி இரண்டு: பெறுதல்

ஊரில் உடற்கல்விப் புத்தகத்தில் பணித்தல், பெறுதல், உயர்த்துதல், அறைதல், தடுத்தல் என்று படித்திருப்போம். பிள்ளைகளுக்கு அறைதல்தான் ஆசை. நாங்களோ பெறுதலில்தான் தொடங்குகிறோம். பந்தைச் சரியாகப் பெறத் தெரியாத அணிக்கு அறைய வாய்ப்பே கிடைக்காது. பெறுதலில் துள்ளல் இல்லை என்பதால் இதை எவ்வளவு பழகினாலும் முழங்காலுக்குப் பாரம் குறைவு.

பாதங்கள் தோளை விடச் சற்று அகலம், முழங்கால் மடிந்து, உடல்பாரம் முன்பாதத்தில். கைகள் நேராக, முழங்கை மடியாமல், இரு பெருவிரல்களும் அருகருகே கீழ்நோக்கி. பந்து படவேண்டிய இடம் மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் தட்டையான பகுதி. கையை வீசி அடிக்கக்கூடாது. கால்களால் எழுந்து பந்தைத் தள்ளவேண்டும்.

தொடக்கப் பயிற்சியில் கையே தேவையில்லை. பயிற்றுநர் பந்தை உயர எறிகிறார். அது ஒருமுறை தரையில் பட்டு எழுந்து, பின் பிள்ளையின் இரு கால்களுக்கும் நடுவால் போகவேண்டும். பிள்ளை அந்த இடத்துக்கு ஓடி, நின்று, பந்தைப் போகவிடவேண்டும். சிறுவர்கள் இதைச் சிரித்துச் சிரித்து விளையாடுவார்கள். ஆனால் அவர்கள் பழகுவது பெறுதலின் முதற்பாடத்தை: கை நீட்டுவதற்கு முன் கால் போகவேண்டும். பிறகு அதே பந்தைப் பிடிக்கட்டும். அதன்பின் முன்கையால் பெறட்டும்.

பயிற்சி மூன்று: உயர்த்துதல்

நெற்றிக்கு மேலே இரு கைகளாலும் ஒரு சாளரம் அமைப்பதுபோல் விரல்களை விரித்து வைக்கவேண்டும். பத்து விரல்களும் பந்தைத் தொடவேண்டும். விரல் காயங்களுக்குப் பெரும்பாலும் காரணம் பெருவிரல் முன்னோக்கி நீண்டிருப்பது. பந்து அதன் நுனியில் மோதும்போது மூட்டு நசிகிறது. பெருவிரல்கள் நம் முகத்தை நோக்கித் திரும்பியிருக்கவேண்டும்.

தரையில் இருந்தபடி பந்தைச் சுவருக்கு உயர்த்திப் பழகுவது சிறந்த தொடக்கம். அசையாமல் இருப்பதால் விரலும் மணிக்கட்டும் தம் வேலையைக் கற்றுக்கொள்கின்றன. அடுத்து முழந்தாளில், அதன்பின் நின்றபடி. தொடக்கத்தில் பந்தை ஒரு கணம் பிடித்து விடுவதும் தவறல்ல.

பயிற்சி நான்கு: பணித்தல்

சேர்விஸைச் சிறுவர்கள் கீழ்க்கையால் தொடங்கட்டும். எல்லைக் கோட்டிலிருந்து தொடங்கவேண்டிய அவசியமும் இல்லை. வலையிலிருந்து நான்கு, ஐந்து மீற்றர் தூரத்தில் நின்று பணித்து, பத்தில் எட்டுப் பந்து வலையைத் தாண்டினால் ஓரடி பின்னால் போகட்டும். 9 மீற்றரை அடைய ஒரு பருவம் எடுத்தாலும் பரவாயில்லை. தூரத்துக்காக முழுப் பலத்தையும் போடும்போதுதான் சின்னத் தோள்கள் நோகத் தொடங்குகின்றன. மேற்கைப் பணித்தலுக்கு மாறியபின், எங்கள் பயிற்சியில் ஒரு நாளைக்கு 30 பந்துக்கு மேல் கொடுப்பதில்லை.

பயிற்சி ஐந்து: அறைதலும் தடுத்தலும்

வலக்கைக்காரருக்கு நெருங்கும் அடிகள் இடம், வலம், இடம். இடக்கைக்காரருக்கு மறுதலை. முதல் அடி மெதுவாக, கடைசி இரண்டும் விரைவாக. இறுதி அடி ஓட்டத்தைத் தடுத்து உடலை மேல்நோக்கி அனுப்பவேண்டும். முன்னோக்கிப் பாய்கிற பிள்ளை வலைக்குக் கீழே போய் எதிரணியின் பாதத்தில் இறங்கும். இதைப் பழக்க வலைக்கு ஒரு மீற்றர் முன்னால் தரையில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டுகிறோம். அதைத் தாண்டி இறங்கினால் அந்த அறைக்குப் புள்ளி இல்லை. இரண்டு கிழமையில் திருந்திவிடுகிறார்கள்.

வலக்கைக்காரர் பலர் இடது காலில் மட்டும் இறங்குவார்கள். பந்து தலைக்குப் பின்னால் போகும்போது உடல் சாய்வதே இதற்குக் காரணம். முழுப் பாரமும் ஒரு முழங்காலில் விழுகிறது. ஆகவே முதல் மாதம் பந்தே இல்லாமல் அடிகளை மட்டும் பழகுகிறோம். அடுத்து பயிற்றுநர் உயர்த்திப் பிடித்திருக்கும் பந்து, அதன்பின் எறியும் பந்து, இறுதியாகத்தான் உயர்த்திக் கொடுக்கும் பந்து. கையில் கவனிக்கவேண்டியது முழங்கை தோளுக்குக் கீழே தாழ்ந்துவிடாமல் இருப்பது.

தடுப்பவர் இரு கால்களாலும் துள்ளி இரு கால்களாலும் இறங்கவேண்டும். நடுக்கோட்டைப் பற்றிய விதி பலருக்குத் தெரிவதில்லை. பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின்மீதோ அதற்கு மேலாகவோ இருந்தால் மறுபக்கம் பாதம் படலாம் என்பதே விதி. அதாவது விதிப்படி ஆடும்போதும் இரு அணிகளின் பாதங்கள் ஒரே இடத்தில் சந்திக்கலாம். எனவே எங்கள் பயிற்சிகளில் கோட்டைத் தொட்டாலே தவறு என்று கொள்கிறோம்.

வலைக்கு அடியில் உருண்டு வரும் பந்து இன்னொரு ஆபத்து. அறைதல் பயிற்சியில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது யாருடைய பந்தோ யாருடைய காலடிக்கோ வரும். அதைக் காண்பவர் எவராக இருந்தாலும் "பந்து!" என்று கத்தவேண்டும். கத்தியதும் எல்லோரும் நிற்கவேண்டும். ஆறு வயதுத் தம்பி கத்தினாலும் பெரிய அண்ணாக்கள் நிற்கத்தான் வேண்டும்.

துள்ளலை எண்ணுவோம்

எங்கள் மண்டபத்தில் 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு பயிற்சியில் 40 முழுத் துள்ளல், 16 வயதுக்குட்பட்டோருக்கு 70 என்று வைத்திருக்கிறோம். இது மருத்துவ விதி அல்ல, அனுபவத்தில் நாங்கள் வகுத்த கணக்கு. கணக்கு முடிந்த பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. பெறுதலும் பணித்தலும் பழகுகிறது.

ஆனால் எங்கள் மண்டபத்தில் மட்டும் எண்ணினால் போதாது. ஒரே பிள்ளை செவ்வாய் பாடசாலை அணியில், வியாழன் உள்ளூர்க் கழகத்தில், சனிக்கிழமை எங்களிடம். மூன்று பயிற்றுநர்களும் ஒருவரையொருவர் அறியார். மூவருக்கும் பொதுவானவர் பெற்றோர் ஒருவரே. எனவே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாட்காட்டியை ஒட்டி, எந்த நாள், எத்தனை மணித்தியாலம், எத்தனை செற் என்று குறித்து வையுங்கள். கிழமைக்கு இரண்டு நாளாவது துள்ளல் இல்லாத நாளாக இருக்கட்டும். சுற்றுப்போட்டிக்கு முந்திய கிழமையில் பயிற்சியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். நாங்கள் அன்று செய்த தவறு அதுதான்.

சிறுவர்களுக்கு ஆட்டத்தையும் சிறிதாக்கவேண்டும். ஆண்களுக்கு 2.43 மீற்றரிலும் பெண்களுக்கு 2.24 மீற்றரிலும் கட்டும் வலை பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. நோர்வேயில் 'கிட்ஸ்வொலி' என்ற பெயரில் சிறிய திடல், தாழ்ந்த வலை, நால்வர் கொண்ட அணி என்று சிறுவருக்கான ஆட்டம் இருக்கிறது. தொடக்கப் படிகளில் பந்தைப் பிடிக்கவும் அனுமதி உண்டு. "இது என்ன விளையாட்டு, பிடித்து எறிகிறார்கள்" என்று சில அப்பாமார் சிரிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து கிடைக்கிறது. அறுவர் அணியில் சின்னப் பிள்ளை பந்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும்.

வலி வந்தால்

முழங்கால் சிரட்டையின் கீழ்நுனியில் வலி என்றால் அது துள்ளுபவர் முழங்காலாக இருக்கலாம். அதற்கும் கீழே, முன்கால் எலும்பின் மேற்பகுதியில் ஒரு புடைப்பும் நோவும் தெரிந்தால், 10 முதல் 15 வயதில் விரைவாக வளரும் பிள்ளைகளுக்கு வரும் ஓஸ்குட் ஸ்லாட்டர் என்ற நிலையாக இருக்கலாம். வளரும் எலும்பில் தசைநாண் இழுப்பதால் இது ஏற்படுகிறது. குதிக்காலின் பின்புறத்திலும் இதேபோன்ற வலி வருவதுண்டு. வளர்ச்சி முடிய இவை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்காக வலியோடு துள்ளச் சொல்லக்கூடாது. விளையாட்டை முற்றாக நிறுத்தவும் தேவையில்லை. துள்ளலைக் குறைத்து, தொடைத் தசையைப் பலப்படுத்தி, படிப்படியாகத் திரும்பவேண்டும்.

பிள்ளையிடம் பூச்சியம் முதல் பத்து வரை வலிக்குப் புள்ளி கேளுங்கள். மூன்றுக்குள் இருந்து, அடுத்தநாள் காலையில் கூடாதிருந்தால் ஆடலாம். அதற்கு மேலானால் அன்று துள்ளல் இல்லை. நொண்டினால் ஆட்டமே இல்லை.

கணுக்கால் சுளுக்கினால் உடனே ஆட்டத்தை நிறுத்தி, நெகிழ்துணியால் அழுத்திச் சுற்றி, காலை உயர்த்தி வைக்கவும். வலிக்காக, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். அம்மம்மா அன்போடு தைலத்தைப் பூசி உருவ வருவா. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவவேண்டாம் என்று பணிவோடு சொல்லுங்கள். வீக்கமும் உள்ளே இரத்தக்கசிவும் கூடலாம். நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுவெலும்பை அழுத்தினால் கடுமையாக நோகிறது என்றாலோ எலும்பு முறிவு இருக்கலாம். அவசர வைத்தியசேவையின் 116117 இலக்கத்தை அழையுங்கள். முழங்கால் 'டக்' என்று ஒலித்துச் சில மணித்தியாலத்தில் வீங்கினாலும் அப்படியே.

வலி இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டவும். பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்மருத்துவரிடம் செல்ல 2018 முதல் வைத்தியரின் கடிதம் தேவையில்லை. அரசுடன் ஒப்பந்தமுள்ள இயன்மருத்துவரிடம் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. இது தெரியாமல் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன.

உணவும் உறக்கமும்

தமிழ் வகுப்பு முடிந்து வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு வராதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு முன் சோறோ பாணோ, அரை மணித்தியாலத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், கையில் தண்ணீர்ப் போத்தல். அவ்வளவு போதும். சக்திப்பானங்கள் வேண்டாம். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் தேவை.

இருண்ட குளிர்காலத்தில் வெயிலிலிருந்து விற்றமின் டி கிடைப்பதில்லை. நம்மைப்போன்ற கருமையான தோலுடையோர் இதில் மேலும் பின்தங்குகிறோம். எலும்புக்கு இன்றியமையாத இந்த விற்றமின் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் தேவை என்று நோர்வே சுகாதாரத்துறை பரிந்துரைக்கிறது. ஒரு தேக்கரண்டி மீன் எண்ணெயில் அந்த அளவு உண்டு. மணம் பிடிக்காத பிள்ளைகளுக்குக் குளிசையும் இருக்கிறது.

கரையில் நிற்கும் பெற்றோருக்கு

ஆட்ட நேரத்தில் "ஓங்கி அறை!" என்ற குரல்தான் மண்டபத்தில் அதிகம் கேட்கிறது. "நல்லாய் இறங்கினாய்!" என்று ஒருவராவது சொல்லிக் கேட்டதில்லை. இம்முறை சொல்லிப் பாருங்கள். எதற்குப் பாராட்டுக் கிடைக்கிறதோ அதையே பிள்ளை திரும்பச் செய்யும்.

2021 இல் அந்தேர்ஸ் மோல், கிறிஸ்தியான் சோரும் ஆகிய நோர்வே வீரர்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் கடற்கரைக் கரப்பந்தாட்டத் தங்கம் வென்றபின், எங்கள் மண்டபத்திலும் பல பிள்ளைகள் அந்தக் கனவோடு வருகிறார்கள். கனவு இருக்கட்டும். ஆனால் எங்கள் இலக்கு வேறு. இன்று 12 வயதில் ஆடும் பிள்ளை 40 வயதிலும் தன் பிள்ளையோடு கோடைகால மாலையில் வலை கட்டி ஆடவேண்டும். ஒரு வருடக் கிண்ணத்துக்காக அந்த முப்பது வருட ஆட்டத்தை விற்கக்கூடாது.

தொடக்கத்தில் சொன்ன பையன் என்ன ஆனான் என்று நீங்கள் கேட்கலாம். இயன்மருத்துவரின் உதவியோடு ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தான். இப்போது அவன் அறைபவன் அல்ல, பந்து உயர்த்துபவன். சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்கு வாங்கிலிலிருந்து இறங்கக் கற்றுக்கொடுப்பவனும் அவனே. ஒரு பிள்ளை "முழங்கால் நோகுது அண்ணா" என்று சொன்னால், அவன் அந்தப் பிள்ளையைக் கரையில் இருத்திவிட்டுத்தான் எங்களிடம் வந்து சொல்கிறான். அந்த நேரத்தில் அவன் எங்களைப் பார்க்கும் பார்வையின் பொருள் எங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மண்டபத்தில் சந்திப்போம். சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு பத்து நிமிடம் முன்னதாகவே வாருங்கள்.